அம்மிணியின் கம்ப்யூட்டர்

செந்தில்நாதன் போய்ச் சேர்ந்து கருமாதி முடிந்த கையோடு சுகன்யா செய்த முதல் காரியம், மாடி அறையின் பூட்டை உடைத்ததுதான். சாவியைத் தேடாத இடமில்லை. மனுஷன் எங்கே ஒளித்து வைத்தாரோ, கடைசிவரை வாயைத் திறக்காமலே கண்ணை மூடிவிட்டார். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்த கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுத்தியலால் ரெண்டு போடு போடச் சொன்னாள்.

உள்ளே, ஒட்டடைக்கு நடுவில், கம்ப்யூட்டர் இருந்தது. பெட்டி தனி, திரை தனி, தட்டினால் தடதடவென்று சத்தம் போடும் கீபோர்டு தனி. இந்தக் காலத்தில் சுவரைப் பார்த்துப் பேசினாலே சுவர் பதில் சொல்கிறது. இதையெல்லாம் இப்போது எவன் வைத்திருக்கிறான்? மகள் ஹர்ஷவர்தினி பள்ளிக்கூடம் போன நாளில் வாங்கிக் கொடுத்தது. பேர்தான் ஹர்ஷவர்தினி, வீட்டில் அவள் அம்மிணி. அம்மிணியின் கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் வீடு ரெண்டாகும்.

அந்த அம்மிணி ஏழு வருஷத்துக்கு முன்னால், தன்னோடு படித்த திலீபனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். பையனிடம் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டால் தாராபுரத்தில் ஒருத்தராலும் சொல்ல முடியாது. படிப்பிருந்தது, வேலையிருந்தது, குணமிருந்தது. ஜாதிதான் வேறே. போதாதா? செந்தில்நாதன் சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு அமராவதிக்குப் போய்த் தலைமுழுகினார்.

தலைமுழுகுவது புதுசா என்ன? ஆற்றில் முங்கி எழுந்து, இனி அவளுக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஈரத்துணியோடு வீடு திரும்புவது காலகாலமாக நடப்பதுதான். முன்பெல்லாம் அதில் கொஞ்சம் சந்து இருந்தது. பெற்றவள் அரிசி டின்னுக்கு அடியில் ஒரு போட்டோவை ஒளித்து வைத்துக்கொள்வாள். பேரனோ பேத்தியோ பிறந்தால் மெல்ல ஒரு போன் வரும். அடுத்த பொங்கலுக்கு வாசலில் கார் வந்து நிற்கும். அந்தச் சந்துக்கும் அடைப்பு வைத்துவிட்டார்களே! படமெல்லாம் போனுக்குள் போய்விட்டது, உறவு விலக்குச் சட்டமும் வந்துவிட்டது.

சட்டம் வந்தது என்னமோ நல்லதற்குத்தான். அடித்து உதைத்த புருஷனிடமிருந்து தப்பி வந்தவள், எந்தத் திரையைத் திறந்தாலும் அந்த மூஞ்சியே வந்து நிற்கிறது என்று கோர்ட்டில் அழுதாள். சரி, இனிமேல் நீ கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். நெட்டில் இணைந்த எந்தக் கருவியிலும் அவள் கண்ணுக்கு அவன் தெரியமாட்டான். அவன் நின்ற இடத்தைப் பின்னாலிருக்கும் சுவரோ செடியோ கொண்டு நிரப்பிவிடும். அவன் போன் போட்டால் அவளுக்கு மணியே அடிக்காது. யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்கள் விஷயம் தெரிந்துகொள்வதற்குள் ஜாதிச் சங்கங்கள் தெரிந்துகொண்டன. சங்கத்து ஆபீசிலேயே மேசை போட்டு, ஆற்றிலிருந்து தலை சொட்டச் சொட்ட வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

செந்தில்நாதன் போட்டார். சுகன்யாவும் போட்டாள். யாராவது கழுத்தில் கத்தி வைத்தார்களா? இல்லை. "நீயும் போட்டாத்தான் சங்கத்துல நம்மள மதிப்பாங்க" என்றார் அவர். அவ்வளவுதான், போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே போனில் இருந்த படங்களில் பிறந்தநாள் கேக் இருந்தது, மெழுகுவத்தி இருந்தது, ஊதுகிற ஆளைக் காணோம். அப்புறம் ஏழு வருஷமும் "அவர் பண்ணின வேலை, அவர் பண்ணின வேலை" என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி, தன் கையெழுத்தை அவளே மறந்தும் போனாள். மனுஷ மனசு அவ்வளவு வசதியானது.

இப்போது பூட்டை உடைக்க வைத்தது வேறொன்று. புருஷன் செத்த மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு மகளின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. கன்னத்து மச்சம் வலது பக்கமா, இடது பக்கமா? பல்வரிசை எப்படி இருக்கும்? பிடிக்கப் பிடிக்க நழுவியது. யாரிடம் கேட்பது? சொந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள். கேட்டால் சங்கத்துக்குத்தான் சேதி போகும். பெற்றவளுக்கே பிள்ளை முகம் மறந்துபோச்சே! அப்போதுதான் மாடி கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. அது நெட்டில் இணையாதது. எந்தச் சட்டமும் அதற்குள் போயிருக்க முடியாது.

ஆனால் அது ஒழுங்காகத் திறந்தால்தானே!

பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே கிடக்கும். சில நேரம் படபடவென்று எழுத்து ஓடி, படம் வருகிற மாதிரி வந்து, பொசுக்கென்று இருண்டுவிடும். ஒருநாள் மட்டும் திரை முழுக்க ஒரு பூனை வந்தது. அம்மிணி வளர்த்த பூனை. சுகன்யா ஆசையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்த நிமிஷத்தில் அதுவும் போய்விட்டது.

பழைய சாமான் ரிப்பேர் பார்க்கும் முபாரக்கைக் கூப்பிட்டாள். நாற்பது வயதிருக்கும். பொழுதுக்கும் மிக்ஸியும் பழைய டிவியும் கழற்றிக்கொண்டிருந்தவருக்கு இதைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"இந்தக் காலத்துப் பொருள் எல்லாம் சும்மாங்க. இதுதானுங்க கம்ப்யூட்டரு!" என்று பெட்டியைக் கழற்றினார். மெமரி அட்டையை உருவி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். கரி படிந்து கிடந்ததாம். தூசியை ஊதினார். உள்ளே காசு அளவில் இருந்த பேட்டரியை மாற்றினார். அமுக்கினார். திரையை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கறுப்புதான் என்றாள்.

"கடைக்குக் கொண்டு போறனுங்க. கரண்டு கொடுக்கிற பெட்டி வீக்கா இருக்குதாட்டம்."

ஒரு வாரம் கழித்துக் கொண்டு வந்தார். கடையில் ஜோராக ஓடியதாம், ஒரு தரம்கூட மக்கர் பண்ணவில்லையாம். மேசையில் வைத்து அமுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"வந்துருச்சு பாருங்க!"

"எங்கீங்க தம்பி? கருப்பாத்தானே கெடக்குது?"

முபாரக் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அம்மா, வெளையாடாதீங்க. பளிச்சுன்னு எரியுது."

"நான் எதுக்குங்க வெளையாடறேன்? கூலி தரமாட்டேன்னு நெனச்சீங்களா? வேலை முடிஞ்சா வாங்கிட்டுப் போங்க. முடியாமயே முடிஞ்சுதுன்னா எப்படி?"

முபாரக்குக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரிப்பேர் பண்ணாம காசு வாங்கற பொழப்பு எனக்கு வேண்டாமுங்க. எங்கடைக்கு வந்து கேட்டுப் பாருங்க!" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பாவம் பொம்பளை, புருஷன் செத்த துக்கத்தில் மூளை கீளை குழம்பிவிட்டதோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. சுகன்யாவோ, இந்த ஆள் ஒன்றும் தெரியாமல் அளக்கிறான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இதா, இப்ப பூன வந்துருச்சு" என்றாள் சுகன்யா திடீரென்று.

"ஆமாங்க, பூனதான். இதுக்கு முன்னாடி வேற படம். மாறி மாறி வர்ற மாதிரி வெச்சிருக்காங்க."

"முன்னாடி ஒண்ணுமே வரலைங்களே."

"வந்துச்சுங்களே, ஒரு பாப்பா! இதா, இப்ப மறுபடி வந்துருச்சு. ரெட்டைச் சடை, பல்லுல கம்பி, மூஞ்சியக் கிட்டக் கொண்டுவந்து நாக்கை நீட்டிட்டு எடுத்திருக்குது. திரை முழுக்க மூஞ்சிதானுங்க. உங்களுக்குத் தெரியலீங்களா?"

அவள் கண்ணுக்குக் கறுப்புதான் இருந்தது. திரையின் ஓரத்துப் பிளாஸ்டிக் சட்டம் எந்தக் கறுப்போ அதே கறுப்பு.

பல்லில் கம்பி. ஆமாம், கம்பி போட்டோமே! எட்டாவது படிக்கும்போது பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைந்ததை எப்படி மறந்தேன்? சுகன்யா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

முபாரக் அவள் கண்ணை உற்றுப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ. பிறகு மெல்லக் கேட்டார். "அம்மா, கண்ணு ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணீங்களா?"

"ரெண்டு வருஷம் முன்னால புரை எடுத்தாங்க. ரெண்டு கண்ணுக்கும் லென்ஸு வெச்சாங்க. புது மாதிரி லென்ஸு, கிட்டத்துல தூரத்துல அதுவே பாத்துக்கும், கண்ணாடியே வேண்டாம்னாங்க."

"அது தானா எப்படிங்க பாத்துக்கும்? உள்ள சில்லு இருக்குது. நெட்டுல இணைஞ்சிருக்குது." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரையாவது உறவு விலக்குப் பண்ணியிருக்கீங்களா?"

சுகன்யா மேசைத் தூசியைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

"அதானுங்க விஷயம். போன்ல, திரைல எப்படி மறைக்குமோ, இதுவும் ஒரு கருவிதானுங்களே, கண்ணுக்குள்ளயே இருந்து மறைக்குது. கம்ப்யூட்டரு எப்பவோ சரியாயிருச்சுங்க. வந்த முதல் நாளே ரப்பர் போட்டுத் தேச்சதுல பாதி சரி. அன்னிக்கு நானும் நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, திரைய உங்க பக்கம் திருப்பி வெச்சு வேலை பாத்துட்டிருந்தேன். கோளாறு இதுல இல்லீங்க."

"அப்ப மத்தவங்க பாத்தா?"

"எல்லாருக்கும் தெரியுமுங்க. கையெழுத்துப் போட்டவங்க கண்ணுக்கு மட்டுந்தான் தெரியாது."

"நேர்ல வந்து நின்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நேர்லன்னாலும் அப்படித்தானுங்க. ஆளு நிக்கிற எடத்துல சுவருதான் தெரியும். குரல் கேக்கும். காதுக்குள்ள இன்னும் ஒண்ணும் வெக்கலை பாருங்க."

ரத்து செய்ய வழியில்லையா என்று கேட்டாள். உண்டு, ஆனால் கையெழுத்துப் போட்ட குடும்பத்தார் அத்தனை பேரும் சேர்ந்து வந்து போடவேண்டுமாம். செந்தில்நாதன் எங்கிருந்து வந்து போடுவார்? லென்ஸை எடுத்துவிடலாமா என்றாள். எடுத்தால் பார்வை மிஞ்சுமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும், பெரும்பாலும் தொடமாட்டார்கள் என்றார். பாவி மனுஷா, செத்தும் விடமாட்டேங்கறயே என்று புருஷனை வாய்விட்டுத் திட்டினாள். திட்டும்போதே உள்ளுக்குள் ஒன்று, நீயுந்தானே போட்டே என்றது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அது கேட்டது.

"தம்பி, எனக்கு அவகூடப் பேசோணும். எம்போன்ல இருந்து போகாது. எங்க இருக்கான்னும் தெரியாது."

முபாரக் தன் போனில் பேரைச் சொல்லித் தேடினார். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. "கோயமுத்தூருங்க. சிங்காநல்லூர்ல வீடு, ஒரு காலேஜ்ல டீச்சரு. போட்டோ கூட இருக்குது." ஏழு வருஷமாக எட்டாத தூரத்தில் இருந்தவள், முபாரக்குக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தாள்.

போன் போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தார். இன்னாரென்று சொன்னார். அம்மா பக்கத்தில்தான் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை, சுகன்யா சொல்லவேண்டாமென்று கையைக் காட்டிவிட்டாள்.

மறுமுனையில் குரல் வந்தது. அதே குரல். சுகன்யா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அப்பா செத்தன்னிக்கு நான் வந்திருந்தேங்க. உள்ள விடலை, வாசல் கேட்டுக்குப் பக்கத்துலயே நின்னேன். அப்பாவைத் தூக்கறப்ப அம்மா வெளிய வந்தாங்க. எம்பக்கத்துல, கை எட்டற தூரத்துல போனாங்க. அம்மான்னேன். திரும்பிப் பாக்கலை."

எத்தனை பேர் அம்மா, அம்மா என்று அழுத சத்தம் அன்று! அதில் ஒன்று இவளுடையதா?

"அழுகையில கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டேன். அப்படித்தான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சுட்டிருக்கேன்" என்றது குரல். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணுங்க. குடும்பத்துல விலக்குப் பண்ணிட்டாங்கன்னு மட்டுந்தான் எனக்கு நோட்டீஸ் வந்துச்சு, யார் யாருன்னு போடலை. எங்கம்மாவும் கையெழுத்துப் போட்டாங்களா?"

முபாரக் சுகன்யாவைப் பார்த்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினாள்.

முபாரக் போன் பக்கம் திரும்பிக்கொண்டார். "அய்யா மட்டுந்தானுங்களாம்" என்றார்.

"எனக்குத் தெரியும்!" குரல் உடைந்து, சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "எங்கம்மா பயந்தவங்க, எம்போன எடுக்கக்கூடப் பயப்படுவாங்க, ஆனா அதை மட்டும் செய்யமாட்டாங்க. வரச் சொல்லுங்க. எப்ப வேணும்னாலும் வரச் சொல்லுங்க."

போனை வைத்ததும் முபாரக் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார். "எம்பொஞ்சாதிகிட்டக்கூட நான் பொய் பேசினதில்லைங்க. என்னைப் பேச வெச்சுட்டீங்க. போய் உண்மையச் சொல்லிருங்கம்மா."

"சொன்னா வாசப்படி ஏத்த மாட்டா தம்பி. முதல்ல போயிர்றேன். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கறேன்" என்றாள். "அந்தப் போட்டோல எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

முபாரக் மனசில்லாமல் சொன்னார். கண்ணாடி போட்டிருக்கிறாள், கறுப்பு ஃபிரேம். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். காதில் சின்னப் பொட்டுத் தோடு. மச்சம் இடது கன்னத்தில், உதட்டுக்குப் பக்கமாக. சுகன்யா பரீட்சைக்குப் போகிற பிள்ளையாட்டம் திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணினாள். கோயமுத்தூர் பஸ்ஸில் பல்லடம் வரும்வரை கண்ணாடி, முடி, தோடு, மச்சம் என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. கையில் அம்மிணிக்குப் பிடித்த தேங்காய் பர்பி.

சிங்காநல்லூரில் மாடி வீடு. ரெண்டாவது தளத்தில் எதிரெதிராக ரெண்டு வாசல். மணியை அடித்தாள்.

கதவு திறந்தது. உள்ளே ஹால், சோபா, சுவரில் காலண்டர், சுற்றுகிற விசிறி. ஆளைக் காணோம்.

"அம்மா" என்றது குரல்.

சத்தம் வந்த உயரத்தைக் கணித்துக் கண்ணை அங்கே நிறுத்தினாள். இமைக்கக்கூடப் பயமாக இருந்தது.

"கண்ணாடி போட்டுட்டயா அம்மிணி? எப்ப இருந்து?"

"மூணு வருஷமாச்சும்மா."

"முடியவும் இப்படிக் கட்டையா வெட்டிப்போட்டே. எத்தன எண்ணெய் தேச்சு வளத்தினேன்!"

"காலையில காலேஜ் பஸ்ஸப் புடிக்கற அவசரத்துல யாரும்மா சடை பின்றது?" சிரித்தாள். அதே சிரிப்பு, மூக்கால் ஒரு சின்ன சத்தம் வருமே, அந்தச் சிரிப்பு. "நீ பாக்கறதப் பாத்தா... அன்னைக்கு நெசமாவே என்னைக் கவனிக்கலையாம்மா?"

"கவனிச்சிருந்தா விட்டுட்டுப் போவனா சாமி?"

அந்தச் சிரிப்பு சுகன்யாவின் நெஞ்சை நிறைத்துவிட்டது. சட்டம், லென்ஸு, மனப்பாடம் எல்லாம் அந்த ஒரு நிமிஷம் மறந்தே போயின. நாள்கழித்துப் பிள்ளையைக் கண்ட எந்தப் பெற்றவளும் யோசிக்காமல் சொல்லுகிற வார்த்தை, அதுவாக வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஏங் கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்டயே! வயிறெல்லாம் ஒட்டிக் கெடக்குது. ஒழுங்காச் சாப்படறதே இல்லையா?"

சிரிப்பு நின்றது.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கு எட்டாம் மாசம்மா" என்றாள் அம்மிணி.

சுகன்யாவின் கண் தன்னையறியாமல் கீழே இறங்கியது. அங்கே தரையில் பதித்த ஓடுகள் தெரிந்தன, ஒன்றுவிடாமல்.

"லென்ஸ் வெச்சிருக்கயா?"

"அம்மிணி, அது வந்து..."

"அப்ப நீயும் போட்டிருக்கே." அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். "எத்தன சண்டை போட்டிருப்பேன் தெரியுமா திலீபன்கிட்ட? எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்லைன்னு."

சுகன்யா கையை நீட்டித் துழாவினாள். விரல் நுனியில் ஏதோ துணி பட்டது. பட்டவுடனே விலகிக்கொண்டது.

"தப்புதான் சாமி. போட்டேன். அவரு சொன்னாரு, போட்டேன். மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், சொல்லலை. பயந்துட்டு இல்ல கண்ணு, ஊருல மரியாதை போயிருமேன்னுதான் போட்டேன். உம்மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு அம்மிணி. இதைவிட எனக்கு என்ன தண்டனை வேணும்? ஏசு, நல்லா ஏசு, நின்னு கேட்டுக்கறேன். ஏதாவது பேசு சாமி. பொண்ணா பையனா, ஏதாச்சும் சொன்னாங்களா? தலைச்சன் பிரசவம், அம்மா வூட்லதான் பாக்கோணும். நான் வந்து கூட இருக்கறேன். மூலையில கெடக்கறேன். பேசமாட்டயா?"

பர்பிப் பொட்டலத்தை நீட்டியபடியே நின்றாள். கையைத் தாழ்த்தவில்லை. எந்த நிமிஷமும் வாங்கிக்கொள்வாளே!

எதிர்வீட்டு அம்மாள் குப்பைக்கூடையோடு வெளியே வந்தவள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருகிட்டங்க பேசறீங்க? அவங்க அப்பவே உள் ரூமுக்குப் போயிட்டாங்களே."

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க, பாத்துட்டுதான் இருக்கேன்" என்றாள்.